மடியில் இருக்க வேண்டிய பிள்ளை

கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறோம் என்று சொன்னால் ஸ்காபரோவில் எல்லாரும் கேட்பது பால்மா, பம்பர்ஸ், நுளம்பு மருந்து, தடுப்பூசி. கார் சீற்றைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நாங்களாகச் சொன்னால், "அதை ஏன் அங்க காவிக்கொண்டு போறியள்? அங்க ஒருத்தரும் அதெல்லாம் பாக்கிறேல்ல" என்று பதில் வரும். உண்மைதான். ஒன்ராறியோவில் பிள்ளையைச் சரியான சீற்றில் கட்டாமல் ஓடினால் 240 டொலர் தண்டம், அதோடு 2 புள்ளிகள். ஏ9 வீதியில் இதற்காக எங்களை ஒரு பொலிஸ்காரரும் மறிக்கவில்லை. ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேல். வானில் ஏழு, எட்டு மணித்தியாலம். எதிரே லொறி, பின்னால் ஹோர்ன் அடிக்கும் பஸ், நடுவில் மாடு. என்னைக் கேட்டால், முழுப் பயணத்திலும் பிள்ளைக்கு ஆபத்துக் கூடிய நேரம் இதுதான். நுளம்பு அடுத்ததுதான்.

போன கோடை லீவுக்குப் போனோம். சின்னவளுக்கு அப்போது ஏழு மாதம், எட்டுக் கிலோ. எங்களிடம் இருந்தது கைபிடி உள்ள, பின்பக்கம் பார்க்கும் குழந்தை சீற். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவந்த அதே சீற்தான்.

முதல் பிரச்சினை அந்தச் சீற்றே இல்லை. இடம்தான். எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே, வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் எயார்போட்டுக்கு வருவார்கள். இரவிரவாக வந்து, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வெளியே நிற்பார்கள். மாமா ஜூன் மாதமே வான் பேசிவிட்டார். அம்மம்மா, மாமா, மாமி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், ட்றைவர். அதோடு நாங்கள் இரண்டு பேர், ஐந்து சூட்கேஸ். அவர் கணக்கில் சின்னவளுக்கு இடம் தேவையில்லை. அவள் மடியில் வருவாள். யாருடைய மடி என்பதில்தான் அங்கே போட்டி.

சீற் கட்டினால் ஒரு முழு ஆளின் இடம் போகும். பின்பக்கம் பார்க்கும் சீற் என்பதால் முன்னால் உள்ள இருக்கையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ள வேண்டும். இதை நான் தொலைபேசியில் மாமாவுக்குச் சொன்னபோது ஒரு அமைதி வந்தது. பிறகு, "அப்ப நாங்கள் வரவேண்டாம் எண்டு சொல்லுறியோ?" என்றார். இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பதினொரு வருடத்துக்குப் பிறகு போகிறேன். அம்மம்மாவுக்கு 78 வயது.

அம்மாதான் எனக்கு ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தினா. எங்கள் வீட்டில் மடி என்பது சும்மா ஒரு சொல் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர இருந்த வழி கிளாலிக் கடல். இரவில், வெளிச்சம் இல்லாமல், சின்ன வள்ளத்தில். அண்ணா அப்போது இதே வயதுப் பிள்ளை. அம்மாவும் அம்மம்மாவும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அழாமல் இருக்க வாயைப் பொத்தவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்ததாக அம்மம்மா இன்றைக்கும் சொல்லுவா. அந்த மடியில்தான் அண்ணா உயிரோடு வந்து சேர்ந்தான். அப்படிப்பட்ட மனுசியிடம் போய் "மடி பாதுகாப்பு இல்லை" என்று சொல்ல என்னால் முடியாது. அது பொய்யும்கூட. வள்ளத்தில் மடிதான் பாதுகாப்பு. வான் வேறு.

ஆகவே நான் மடியைப் பற்றிப் பேசவில்லை. என் கணவர் மாமாவோடு பேசினார். மாமாவுக்கு அரிசிக்கடை. மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வான் எதிலாவது மோதி அரை மீற்றருக்குள் நின்றால், உள்ளே இருப்பவரின் உடம்பு தன் பாரத்தைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு கனத்தோடு முன்னுக்குப் போகும். எட்டுக் கிலோப் பிள்ளை அந்த நொடியில் 160 கிலோ. "மாமா, உங்கட கடையில மூண்டு மூட்டை அரிசிக்கு மேல. அது திடீரெண்டு பறந்தா, கையால பிடிச்சு வைக்கேலுமோ?" மாமா சிரித்தார். "ஒரு மூட்டையே இப்ப ஏலாது" என்றார். அன்றைக்கு அதோடு விட்டோம். அடுத்த கிழமை அவரே எடுத்தார். அம்மம்மாவும் ட்றைவரும் மட்டும் வருவார்கள் என்றார். மாமிக்கு அதில் கொஞ்ச நாள் மனவருத்தம் இருந்தது. நாங்கள் போய் இறங்கியும் இரண்டு நாள் இருந்தது. இதற்கு வழி ஒன்றும் இல்லை. கொண்டுபோன சொக்லேற்றும் உதவவில்லை.

இனி சீற். வாசிக்கும் பெற்றோர் பலர் அடித்தட்டோடு, அதாவது காரிலேயே நிரந்தரமாகப் பூட்டி வைக்கும் பேஸோடு பாவிப்பவர்கள். பயணத்துக்கு அதை விட்டுவிட்டுப் போங்கள். வீண் பாரம். கனடாவில் விற்கும் குழந்தை சீற்றுகள் பலவற்றைப் பேஸ் இல்லாமல் வெறும் சீற் பெல்ற்றாலேயே கட்டலாம். உங்கள் சீற் அந்த வகையா என்று கையேட்டில் இருக்கும். எங்கள் அம்மா வீட்டு ட்றைவ்வேயில் ஒரு சனிக்கிழமை முழுக்க இதைத்தான் பழகினோம். பக்கத்து வீட்டுக்காரர் கார் பழுதோ என்று கேட்டார்.

இரண்டு முறை இருக்கிறது. வட அமெரிக்க முறையில் பெல்ற்றின் இடுப்புப் பகுதி மட்டும் சீற்றின் இரண்டு கொக்கிகளுக்குக் கீழே போகும். ஐரோப்பிய முறையில் இடுப்புப் பகுதி அப்படியே போக, தோள் பகுதி சீற்றின் முதுகைச் சுற்றி வரும். இரண்டாவது இன்னும் இறுக்கமாக நிற்கும். ஆனால் எல்லாக் கனேடிய சீற்றிலும் அதற்கான வழி இருக்காது. இல்லாத சீற்றில் நாங்களாக வழி கண்டுபிடிக்கக் கூடாது.

இன்னொன்று, இதை எந்தக் கடையிலும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கனடா, அமெரிக்கக் கார்களில் பின் இருக்கைப் பெல்ற்றை முழுவதுமாக வெளியே இழுத்துவிட்டு விட்டால், திரும்பிப் போகும்போது டிக் டிக் என்று பூட்டிக்கொண்டே போகும். பிறகு தளராது. அதை நம்பித்தான் நாங்கள் சீற் கட்டுகிறோம். வேறு நாடுகளில் ஓடும் பல வண்டிகளில் அந்தப் பூட்டு இல்லை. பெல்ற் திடீரென்று இழுபட்டால்தான் பிடிக்கும், மற்ற நேரம் தாராளமாக நீளும். நீங்கள் இறுக்கிக் கட்டிய சீற் பத்து நிமிடத்தில் ஆடத் தொடங்கும். சில சீற்றில் பெல்ற்றைப் பிடித்து வைக்கும் பூட்டு சீற்றிலேயே இருக்கும். இல்லையென்றால் லொக்கிங் கிளிப் வேண்டும். இங்கிலிஷ் எச் எழுத்து வடிவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உலோகத் துண்டு. இடுப்புப் பகுதியையும் தோள் பகுதியையும் பக்கிளின் நாக்குக்குக் கிட்ட, ஒரு அங்குலத்துக்குள், சேர்த்துப் பிடிக்கும். சில சீற்றோடு பெட்டிக்குள்ளேயே வரும், நாங்கள் என்னவென்று தெரியாமல் எறிந்துவிடுவோம். தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டும் வாங்கலாம். இந்தப் பயணத்தில் நான் கொண்டுபோன சாமான்களில் மிகச் சிறியது அது. பாஸ்போர்ட் வைக்கும் பையில் வைத்திருந்தேன்.

விமானம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே மடிக்குழந்தை ரிக்கெற் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தனி இருக்கை எடுத்தால் சீற்றையும் உள்ளே கொண்டுபோகலாம், விமானத்தில் பாவிக்க அனுமதி உண்டு என்று சீற்றின் லேபிளில் எழுதியிருக்க வேண்டும். கனேடிய அரசும் அதைத்தான் நல்லது என்று சொல்கிறது. கோடை லீவு விலையில் எங்களுக்குக் கட்டவில்லை. முன்வரிசையில் தொட்டில் கேட்டு வாங்கினோம். சீற்றை ஒரு பையில் போட்டு விமான வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்குக் காசு கேட்பதில்லை. ஆனால் இடையில் விமானம் மாறும்போது அது கையில் வராது, கொழும்பில்தான் வரும். அந்த இடைவெளிக்கு நெஞ்சில் கட்டும் கரியர் இல்லாமல் போகாதீர்கள். கொழும்பில் எடுத்ததும் வெளியே போகும் அவசரத்தை அடக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டில் வெடிப்பு, உள்ளே நுரைப்பகுதியில் உடைவு, பட்டியில் கிழிசல். எங்களுடையதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் விமானம் இரவில் இறங்கியது. அப்படியே இரவிரவாக யாழ்ப்பாணம் ஓடுவதுதான் வழக்கம். நாங்கள் நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கினோம். எயார்போட்டிலிருந்து கிட்ட. பிள்ளைக்காக மட்டும் இல்லை. வானை யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த அதே ட்றைவர்தான் திரும்பவும் ஓட்ட வேண்டும். எவ்வளவு நல்ல சீற் வாங்கினாலும் நித்திரை தூங்கும் ட்றைவருக்குப் பரிகாரம் இல்லை. அவருக்கும் ஒரு அறை எடுத்துக் கொடுத்தோம். அவர் முதலில் வானிலேயே படுப்பதாகச் சொன்னார். விடவில்லை.

விடியக் காலமை சீற்றைக் கட்டப் போனால் பெல்ற்றைக் காணவில்லை. ஜப்பானில் செய்த வான், பெல்ற் இல்லாமல் இராது. வடிவான சிவப்பு உறை தைத்துப் போட்டிருந்தார்கள், அந்த உறைக்குக் கீழே பக்கிள்கள் புதைந்து கிடந்தன. ட்றைவர் தம்பி ஒரு சின்னக் கத்தி எடுத்து, உறையின் தையலைக் கவனமாகப் பிரித்து, கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒரு பக்கிளோடு ஒரு பழைய லொத்தர் ரிக்கெற்றும் வந்தது. நடு இருக்கையில் இடுப்புப் பெல்ற் மட்டும். கரையில் தோளோடு வரும் பெல்ற். கரையைத் தேர்ந்தோம். இலங்கையில் வண்டி இடப்பக்கம் ஓடும், வானின் இழுக்கும் கதவும் இடப்பக்கம். கனடாவில் வலப்பக்கக் கரையில் பிள்ளையை ஏற்றிப் பழகிய கை, இங்கே மாற வேண்டும். இடப்பக்கம் கட்டினால் ஏற்றி இறக்கும்போது நீங்கள் வீதியில் நிற்கத் தேவையில்லை. முன் இருக்கையில் வைக்கலாமே என்று தம்பி கேட்டார். பின்பக்கம் பார்க்கும் சீற்றை எயார்பாக் உள்ள முன் இருக்கையில் வைக்கவே கூடாது. பாக் விரிந்தால் அடி நேரே சீற்றின் முதுகில்தான் விழும்.

வானின் இருக்கை பின்னுக்குச் சரிந்திருந்ததால் சீற்றின் பக்கத்தில் உள்ள மட்டக்கோடு நிலத்தோடு சமமாக வரவில்லை. ஒரு துவாயை இறுக்கிச் சுருட்டி மடிப்புக்குள் வைத்ததும் வந்தது. எங்கள் கையேடு அதற்கு இடம் கொடுக்கிறது. பிறகு பெல்ற் போகும் இடத்தில் சீற்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். ஒரு அங்குலத்துக்குக் குறைவாக அசைந்தால் சரி. தம்பியும் ஒருக்கால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என்ர சீற்றை விட இறுக்கமா நிக்குது" என்றார்.

அம்மம்மா சின்னவளுக்கு மூன்று அடுக்குச் சட்டையும், கழுத்தில் பஞ்சாயுதமும், அரைஞாணும் போட்டுத் தயாராக வைத்திருந்தா. பஞ்சாயுதம் 31 ஆம் நாளுக்கென்று செய்வித்து, கொடுத்து அனுப்ப ஆள் இல்லாமல் ஏழு மாதம் அலுமாரியில் வைத்திருந்தது. அது சரியாக நெஞ்சுக் கிளிப்புக்குக் கீழே வந்து அழுத்தியது. அடுக்குச் சட்டை பக்கிளை மூடி, பட்டிக்கும் பிள்ளைக்கும் நடுவில் மெத்தை மாதிரி நின்றது. கனடாவில் குளிருக்குத் தடித்த ஜக்கெற்றோடு பட்டி போடக் கூடாது என்று சொல்வார்களே, அதே விஷயம்தான். மெத்தை அமுங்கினால் பட்டி தளர்ந்துவிடும். சட்டையைக் கழற்றி ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போட்டோம். பஞ்சாயுதத்தை அம்மம்மா தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டா. யாழ்ப்பாணம் போய்ப் போடலாம் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சீற்றின் கைபிடியில் ஒரு கறுப்பு நூல் கட்டினா. அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. தோளுக்கு நேரே அல்லது கீழே பட்டி, அக்குள் மட்டத்தில் கிளிப், தோளில் பட்டியை இரண்டு விரலால் கிள்ளினால் பிடிபடக் கூடாது. இவ்வளவும் பார்த்து ஏறினோம்.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம்வரை தென்னந்தோப்பு, சேர்ச், மீன் கடை. சின்னவள் நித்திரை. சிலாபத்தில் முதல் நிறுத்தம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கைக்குழந்தையைச் சீற்றிலிருந்து எடுத்து நிமிர்த்த வேண்டும், நித்திரையாக இருந்தாலும். சுருண்ட நிலையில் நெடுநேரம் இருப்பது மூச்சுக்கு நல்லதில்லை. இதே காரணத்தால், வண்டியிலிருந்து இறங்கிய பிறகும் "நல்லா நித்திரை கொள்ளுறாள்" என்று சீற்றோடு வீட்டு மூலையில் வைத்துவிடக் கூடாது. புத்தளம் தாண்டும்போது வெயில் ஏறியது. ஊருக்குள் கழுதைகள் வீதியோரம் நின்றன, அம்மம்மா பிள்ளைக்குக் காட்டினா. பிள்ளை பின்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்ததால் கழுதை போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். புத்தளம் - அநுராதபுரம் பாதையில் இரு பக்கமும் காடு, யானை கடக்கும் என்ற பலகை. தம்பி அந்த இடத்தில் மட்டும் தானாகவே வேகத்தைக் குறைத்தார்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். சீற்றின் ஓட்டுக்குள் காற்றுப் போகாது. குளிரூட்டி போட்டிருந்தாலும் பிள்ளையின் முதுகு நனைந்துவிடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெயில் படாமல் சீற்றின் மேல் தடித்த துணி மூடுவார்கள், வேண்டாம், உள்ளே அவிந்துபோகும். யன்னலில் வேட்டித் துணி ஒன்றைச் செருகினால் போதும். வான் வெயிலில் நிற்கும்போது வெறும் சீற்றின் மேல் வெள்ளைத் துணி போட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் வந்து கட்டும்போது பக்கிளின் உலோகம் சுடும்.

மதவாச்சிக்கு முதலே ஏ9 க்கு ஏறினோம். வவுனியாவில் சாப்பாடு, பால், உடுப்பு மாற்றல். எல்லாம் சரியாக நடந்தது. அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.

ஓமந்தை தாண்ட முதலே தொடங்கியது. சாதாரண அழுகை இல்லை, முகம் சிவந்து, மூச்சு விட மறந்து அழும் அழுகை. நான் பக்கத்தில் இருந்து பாடினேன், கிலுக்கினேன், விரலைக் கொடுத்தேன். அம்மம்மா மற்றப் பக்கம். "அவளை ஒருக்கா என்ர கையில தா" என்றா. வான் நின்ற பிறகு தாறன் என்றேன். "ஒரு அஞ்சு நிமிசம். இஞ்ச பார், ரோட்டு வெறுமையா கிடக்குது." பிறகு, "இவ்வளவு நேரமும் கத்துது, உனக்கு மனம் வரேல்லையோ?" அதுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்தா. என் கணவர் முன்னால் இருந்து திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தம்பி ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மரத்தடியில் ஓரம் கட்டினார்.

இறக்கி, அம்மம்மாவின் கையில்தான் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் அழுகை நின்றது. காற்று வாங்கியது, ஒரு ஏப்பம், அவ்வளவுதான். இருபத்தைந்து நிமிடம் நின்றோம். திரும்ப ஏற்றும்போது மறுபடியும் அழுதாள். கட்டினேன். புளியங்குளம் வரை அழுதாள், பிறகு ஓய்ந்தாள். அம்மம்மா மாங்குளம் தாண்டியும் என்னோடு கதைக்கவில்லை. சீற்றின் விளிம்பில் கையை வைத்திருந்தா. சின்னவள் அந்தப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நித்திரையானாள். அந்தக் கை முறிகண்டிவரை எடுபடவில்லை. விறைத்திருக்கும், எனக்குத் தெரியும்.

இப்படி ஒரு அரை மணித்தியாலத்தை யோசித்து வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள் என்பதுதான் என்னால் சொல்லக்கூடியது. ஏழு மணித்தியாலப் பாதைக்குப் பத்து மணித்தியாலம். ட்றைவரோடு முதலே பேசிக் காசையும் அதற்கேற்ப வையுங்கள். அவசரப்படும் ட்றைவர், அழும் பிள்ளை, பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர், மூன்றும் ஒரே வானில் சேர்ந்தால் பட்டியைக் கழற்றாமல் இருக்க ஒருவராலும் முடியாது. "நிப்பாட்டுங்கோ" என்று சொல்லக்கூடிய நிலை இருந்ததால்தான் எங்களால் முடிந்தது.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்தப் பாதையில் எந்த வானும் போகாது. தேங்காய் உடைத்தோம். கச்சான் வாங்கினோம். அம்மம்மா முதல் சரையை என் கையில் தந்தா. "சாப்பிடு, காலமை இருந்து நீ ஒண்டும் சாப்பிடேல்ல" என்றா. அதற்குப் பிறகு ஆனையிறவில் உப்பளம் வெள்ளையாக மின்னும்வரை கிளாலிக் கதை சொல்லிக்கொண்டே வந்தா. அந்தக் கடல் அங்கிருந்து மேற்கே தெரிகிற நீர்தான்.

யாழ்ப்பாணத்துக்குள் சீற்றின் கதை வேறு. ஓட்டோவில் பெல்ற் இல்லை, சீற் கட்ட வழியும் இல்லை. சீற்றைப் பின் இருக்கையில் சும்மா வைத்து ஓடுவதை நான் பார்த்தேன். அது கட்டாத சூட்கேஸ் மாதிரி, பிள்ளையோடு பறக்கும். நாங்கள் பிள்ளையோடு ஓட்டோவில் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கிட்ட என்றால் நடை, தூர என்றால் மாமாவின் கார். நல்லூர்த் திருவிழா நேரம், 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். அங்கே நெஞ்சில் கட்டும் கரியர்தான். மணலில் தள்ளுவண்டியும் உருளாது. வெளி வீதியில் சின்னவளைத் தூக்க ஆட்களுக்குக் குறைவில்லை. மடிக்கு ஏங்கியவர்கள் எல்லாரும் அங்கே தங்கள் ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள், மாமி உட்பட.

அதே வீட்டுக்கு லண்டனிலிருந்து மச்சாளும் பத்து மாதப் பையனோடு வந்திருந்தா. அவவின் சீற்றில் நெஞ்சுக் கிளிப்பே இல்லை, ஐரோப்பிய சீற்றுகளில் பெரும்பாலும் இராது. ஆர்129 என்ற புதிய விதிப்படி செய்தது. அதில் 15 மாதம்வரை பின்பக்கம்தான் பார்க்க வேண்டும். ஒருவரின் சீற்றை மற்றவர் இரவல் எடுப்போம் என்று பேசினோம். ஊருக்குள் சரி. ஆனால் ஆளுக்காள் மாற்றி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கனடாவில் பாவிக்கும் சீற்றில் மேப்பிள் இலை போட்ட பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். லண்டன் சீற்றில் அது இல்லை. அமெரிக்காவில் மலிவாக வாங்கிவரும் சீற்றிலும் இராது, நயாகரா தாண்டிக் கடைக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். மாமாவின் காரில் பின் இருக்கை மடிப்புக்குள் இரண்டு இரும்புக் கம்பிகள் இருந்தன. ஐரோப்பாவில் ஐசோஃபிக்ஸ் என்றும் அமெரிக்காவில் லாட்ச் என்றும் சொல்வது இவற்றைத்தான். இரண்டுக்கும் இடைவெளி ஒன்றே, 28 சென்ரிமீற்றர். மச்சாளின் சீற்றுக்கு அது வசதியாகப் போயிற்று. பேஸை விட்டுவிட்டுப் போன எங்களுக்குப் பெல்ற்தான்.

திரும்பும்போது ரயில் எடுத்தோம். பிள்ளைக்காரருக்கு என் முதல் தெரிவு இனி இதுதான். ரயிலில் கார் சீற் தேவையில்லை, எழும்பி நடக்கலாம், பால் கொடுக்கலாம், அழுதால் பெட்டி முழுக்க ஆறுதல் சொல்லும். சென்னை வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பலாலி விமான நிலையத்துக்கு 2019 இலிருந்து சென்னை விமானம் வருகிறது, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல்தான். சின்ன விமானம், சூட்கேஸைக் குறைக்க வேண்டும். இரண்டிலும் அந்த நீண்ட வீதி இல்லை. ஆனால் முறிகண்டிக் கச்சானும் இல்லை.

சீற்றை நாங்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. மாமாவின் மூத்த மகளுக்குக் கார்த்திகையில் குழந்தை. எங்கள் சீற் செய்த திகதியும் காலாவதித் திகதியும் அடியில் அச்சிட்டிருக்கிறது, இன்னும் நாலு வருடம் இருக்கிறது, ஒரு விபத்திலும் படவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய சீற்றை யாரிடமும் வாங்கக் கூடாது, ஆனால் இதன் முழுக் கதையும் வீட்டுக்கே தெரியும். கடைசி இரண்டு நாளும் மாமா தன் காரில் அதைக் கட்டிக் கட்டிப் பழகினார். லொக்கிங் கிளிப்பை எங்கே வைப்பது என்பதில் அவருக்கும் ட்றைவர் தம்பிக்கும் ஒரு வாக்குவாதம்கூட நடந்தது. அம்மம்மா விறாந்தையில் இருந்து பார்த்தா. கைபிடியில் அந்தக் கறுப்பு நூல் அப்படியே இருந்தது. அதை அவிழ்த்துப் புதுசு கட்ட வேண்டும், இது அவளுடையது என்று அவிழ்த்து என்னிடம் தந்தா.

சீற்றை விட்டுவிட்டு வந்தால் பியர்சனில் இறங்கி வீட்டுக்கு எப்படிப் போவது என்பதையும் முதலே பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னவளுக்கு எப்படியும் அடுத்த அளவுச் சீற் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்தே அண்ணாவுக்குச் சொல்லி வாங்கச் சொன்னோம். அவன் அதைத் தன் காரில் பின்பக்கம் பார்க்கக் கட்டி, ஆட்டிப் பார்த்து, படம் எடுத்து அனுப்பினான். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடுகிறது, இன்னும் இறுக்கு என்று திருப்பி எழுதினேன்.